வாத்துக்காரரின் கூண்டு வண்டி: தெர்மாகோல் மேல் துணி ஒட்டிய ஒரு முயற்சியின் நிகழ்வு ஆய்வு

குறுவை அறுப்பு முடிந்த வயலில் வாத்து மேய்க்க வரும் குடும்பங்களை டெல்டாவில் பார்க்காதவர் இருக்க முடியாது. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் இன்னும் வடக்கே இருந்தும் வருவார்கள். பகலில் வாத்துகள் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கும். இரவில் வலை கட்டிய பட்டிக்குள் அடைந்துவிடும். மேய்ப்பவர்களுக்குத்தான் அடைய இடம் கிடையாது. வாய்க்கால் கரையிலோ திடலிலோ நான்கு கழி நட்டுத் தார்ப்பாய் போட்டுக்கொள்வார்கள். பாய்க்கு அடியில் வைக்கோல், தலைமாட்டில் அரிசிப் பானை. ஐப்பசி அடைமழையில் அந்தத் தார்ப்பாய்க்குள் ஓர் இரவு எப்படிப் போகும் என்பதை என் பட்டறைத் திண்ணையில் வந்து ஒதுங்கிய ஒரு குடும்பத்திடம்தான் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் வழியில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அன்று நள்ளிரவு வந்தவர்கள் கணவனும் மனைவியும். விடிந்ததும் அண்ணன் கேட்டார்: "தம்பி, தள்ளிக்கிட்டே போற மாதிரி ஒரு ரூம் பண்ண முடியுமா? ரெண்டு பேரு படுத்தா போதும்." அக்கா சொன்னது வேறு. "நனையாம இருந்தா போதும். பெருசெல்லாம் வேணாம்."

அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த வண்டியைப் பற்றியது இந்தக் கட்டுரை. அதிலும் பெரும்பகுதி வண்டியின் மேல்தோலைப் பற்றியது. சக்கரமும் சட்டமும் எந்தப் பட்டறையிலும் முடிகிற வேலை. தெர்மாகோல் சுவருக்கு எதை மூடுவது, எதால் ஒட்டுவது என்பதில்தான் நான் தடுமாறினேன். முதல் மழைக்காலத்தில் தோற்றதும் அங்கேதான். அந்தத் தோல்வியை அறுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால், அடுத்துச் செய்பவருக்கு ஒரு மழைக்காலம் மிச்சமாகும்.

எங்கள் ஊரில் கூண்டு வண்டி புதிதல்ல. மாட்டு வண்டிக்கு மூங்கில் வளைத்துப் பாய் போர்த்திய கூண்டில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. இங்கே மாடு கிடையாது. வாய்க்கால் கரையில் இரண்டு பேர் கையால் தள்ள வேண்டும். தூர ஊருக்குப் போகும்போது வாத்து ஏற்றும் மினி லாரியிலேயே தூக்கி வைக்க வேண்டும். மோட்டார் வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போவதென்றால் சட்டப்படி அதுவும் மோட்டார் வாகனக் கணக்கில் வந்து பதிவு கேட்கும். அதனால் அந்தப் பக்கம் நாங்கள் போகவில்லை. ஆகவே எடைதான் முதல் நிபந்தனை. தகரம் போட்டால் மே மாதம் உள்ளே படுக்க முடியாது. பிளைவுட் போட்டால் இரண்டு பேர் தள்ள முடியாது.

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் முகாம் வண்டிகளை நுரைப் பலகையால் வீட்டிலேயே செய்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பலகைகளை ஒட்டிப் பெட்டியாக்கி, பெயின்டர்கள் தரையில் விரிக்கும் கான்வாஸ் துணியை மரப்பசையால் அதன்மேல் ஒட்டி, வீட்டுச் சுவர் பெயின்டை அடித்துவிடுவார்கள். 'ஏழையின் ஃபைபர்கிளாஸ்' என்று அதற்குப் பட்டப்பெயர். முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. துணியும் பசையும் சுவராகுமா?

அப்புறம்தான் தஞ்சாவூர் ஓவியம் நினைவுக்கு வந்தது. பலகைமேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துப் பூசி, தேய்த்து மழமழப்பாக்கிய பிறகுதான் படமே எழுதுவார்கள். துணி பசையைக் குடித்துப் பலகையோடு ஒன்றாகிவிட்டால், மேலே பூசியது வெடிக்காது. நம் ஊர்க் கைவேலைக்காரர்கள் பலாப் பலகையில் செய்ததைத்தான் நான் தெர்மாகோலில் செய்யப்போகிறேன் என்று தோன்றியதும் பயம் போய்விட்டது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெறும் தெர்மாகோலை வளைத்தால் சட்டென்று ஒடியும். இருபுறமும் துணி ஒட்டிவிட்டால் வளைக்கும்போது ஒரு பக்கத் துணி இழுபடும், மறுபக்கத் தோல் அமுங்கும். நடுவில் இருக்கும் நுரை இரண்டையும் விலக்கிப் பிடித்துக்கொள்ளும். பலம் தோலில்தான் இருக்கிறது. நுரையின் தடிமனை இரட்டித்தால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆனால் துணி நுரையை விட்டு ஒரு சாண் அளவுக்குக் கழன்றாலும் அந்த இடத்தில் வெறும் தெர்மாகோல்தான் மிஞ்சும். அதனால் மேல்தோல் அழகுக்குச் செய்யும் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

சோதனைத் துண்டுகள்

வாங்கியது 50 மில்லிமீட்டர் தெர்மாகோல், கனமீட்டருக்கு 20 கிலோ அடர்த்தி. டிவி பெட்டியில் வரும் தெர்மாகோல் இதைவிட லேசானது. கை பட்டாலே உதிரும், அதை வைத்துச் செய்யாதீர்கள். அமெரிக்கர்கள் பயன்படுத்தும் நெருக்கமான நீல நிற, இளஞ்சிவப்பு நுரைப் பலகை எங்கள் பக்கக் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்துத்தான் செய்தேன்.

சித்திரைக் கடைசியில் ஓரடிச் சதுரத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒன்றை ஒட்டி, கத்திரி வெயில் முழுக்கப் பட்டறை மாடியில் போட்டு வைத்தேன். தினமும் மாலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். முடிவில் ஒவ்வொரு துண்டிலும் இரண்டங்குல அகலத்துக்குக் கீறி, துணியைக் கையால் உரித்துப் பார்த்தேன். இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. உரியும் துணியோடு நுரை மணிகளும் பிய்ந்து வந்தால் பசையின் பிடிப்பு நுரையின் பலத்தைவிட அதிகம் என்று அர்த்தம். துணி மட்டும் சுத்தமாகக் கழன்று வந்தால் அந்த ஒட்டு ஒட்டே அல்ல.

பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் எனக்கு நிறைய நம்பிக்கை இருந்தது. எங்கும் கிடைக்கிறது, தண்ணீர் இறங்காது, பாதிக் குடிசைக்கு இன்று அதுதான் கூரை. ஆனால் தெர்மாகோலுக்கு அது பகை. ஃப்ளெக்ஸ் என்பது பிவிசி பூசிய துணி. வெள்ளை மரப்பசை அதில் ஊறவே ஊறாது. ரப்பர் பசை பிடிக்கும், ஆனால் அதில் கலந்திருக்கும் கரைப்பான் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எப்படியோ ஒட்டினாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. பிவிசியை வளையும்படி வைத்திருக்க அதில் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள், ஒட்டிக்கொண்டிருக்கும் தெர்மாகோலுக்குள் மெல்ல இறங்கும். தெர்மாகோல் சுருங்கும், பிவிசி மொடமொடவென்று ஆகும். சுவருக்குள் பிவிசி ஒயரும் தெர்மாகோலும் ஒட்டியிருக்கும் இடங்களில் எலக்ட்ரீஷியன்கள் கண்ட பிரச்சினைதான் இது. மழைக்கு வண்டிமேல் தளர்வாகப் போர்த்த ஃப்ளெக்ஸ் போதும், ஒட்டுவதற்கு வேண்டாம்.

பாலியெஸ்டர் புடவை பால் ஏடு மாதிரி முழுசாக உரிந்து வந்தது, ஒரு மணிகூடப் பிய்யவில்லை. இழை பசையைக் குடிக்காததுதான் காரணம். கோணிச் சாக்கு நேர்மாறு. அது குடித்த பசைக்கு மூன்று துண்டுகள் ஒட்டியிருக்கலாம். பிடிப்பு அபாரம், ஆனால் எடையும் செலவும் ஏறிவிட்டன. வீட்டில் இருந்த பழைய பருத்தி வேட்டி நன்றாக ஒட்டியது, நூல் நைந்திருந்ததால் ஓர் உரசலுக்கே கிழிந்தது. உட்பக்கச் சுவருக்கு அது போதும் என்று தனியாக எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றிலும் தேறியது காடாத் துணி. வெளுக்காத, கெட்டியான பருத்தி. ஆனால் முதல் துண்டு அதிலும் மோசமாகவே வந்தது. காரணம் பிறகு பிடிபட்டது. தறியில் ஏற்றும் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள். காடா தறியிலிருந்து நேராக வருவதால் அந்தக் கஞ்சி அப்படியே இருக்கும், பசையை உள்ளே விடாது. துணியை ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை அலசி, நிழலில் காயப்போட்டு எடுத்த இரண்டாவது துண்டில் பசை மறுபக்கம் வரை ஊறியது. உரித்தபோது வெள்ளை மணிகள் கொத்தாகப் பிய்ந்து வந்தன. துணி முதலிலேயே சுருங்கிக்கொள்வது இன்னொரு லாபம். ஒட்டியபின் மிச்சம் இருக்கும் சின்னச் சுருக்கம், பறைக்குத் தோல் இழுத்த மாதிரி மேற்பரப்பை இறுக்கிக் கொடுக்கும்.

கட்டட வேலையில் விரிசலுக்கு ஒட்டும் கண்ணாடி இழை வலையையும், மொட்டை மாடிக்கு அடிக்கும் அக்ரிலிக் நீர்த்தடுப்புப் பூச்சையும் சேர்த்துச் செய்த துண்டு நீரைச் சொட்டுக்கூட விடவில்லை. ஆனால் ரப்பர் போல மென்மையாகவே இருந்தது, தூசி ஒட்டியது. விறைப்புக்கு அது உதவாது. கூரைக்கு மட்டும் காடாமேல் கூடுதல் போர்வையாக எடுத்துக்கொண்டேன்.

படகுக்குப் போடும் ஃபைபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. அங்கே பழுது பார்ப்பவர்களுக்கு அந்த வேலை கைவந்த கலை. ஒரு தெர்மாகோல் துண்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒன்றும் பேசாமல், ஃபைபரை ஊறவைத்து இறுக்கும் பிசினான ரெசினில் ஒரு சொட்டைக் குச்சியால் தொட்டு அதன்மேல் வைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குழிந்து உள்ளே இறங்கியது. "தின்னுடும் தம்பி. இதுக்கு எபாக்ஸிதான் தாங்கும்" என்றார். படகு ரெசின் பாலியெஸ்டர் வகை; அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும். எபாக்ஸி வேறு வகை ரெசின், அதில் ஸ்டைரீன் கிடையாது. விலைதான் இரண்டு மூன்று மடங்கு. வண்டி முழுக்க எபாக்ஸி போட அண்ணனிடம் காசு கிடையாது, என்னிடமும் கிடையாது. அன்று அதை அப்படியே விட்டுவிட்டேன். பின்னால் அவர் சொன்னது கைகொடுத்தது.

செய்த விதம்

7 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். அடியில் சதுர பைப் சட்டம், ஆக்ஸில், இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா சக்கரங்கள், தரைக்கு 9 மி.மீ. பிளைவுட். தெர்மாகோலை ரம்பத்தால் அறுக்காமல் சூடேறிய நைக்ரோம் கம்பியால் வெட்டினேன். ரம்பம் போட்டால் உதிரும் மணிகள் காற்றில் பறந்து வாய்க்காலுக்குப் போகும். வாத்து அதைத் தீனி என்று கொத்தும். வாத்துக்காரருக்குச் செய்யும் வண்டியிலிருந்து வாத்து வயிற்றுக்குத் தெர்மாகோல் போவதை என்னால் ஏற்க முடியாது. கம்பி வெட்டும்போது வரும் புகை நல்லதல்ல, திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்ய வேண்டும்.

பலகைக்கும் பலகைக்கும் இடையில் மரப்பசை போடக் கூடாது. மரப்பசை தன்னிடம் உள்ள நீர் வெளியேறினால்தான் இறுகும். இருபுறமும் நீர் புகாத நுரை இருந்தால் நீர் எங்கே போகும்? வாரக் கணக்கில் உள்ளே பாலாகவே கிடக்கும். அந்த இடங்களுக்கு, கதவு நிலை இடுக்கில் அடிக்கும் பியூ ஃபோம் ஸ்ப்ரேயைப் பயன்படுத்தினேன். துணி ஒட்டும்போது அந்தச் சிக்கல் இல்லை, நீர் துணி வழியாக வெளியேறிவிடும்.

நுரையின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து, பத்தில் ஒரு பங்கு நீர் கலந்த வெள்ளைப் பசையை ரோலரால் தடவி, ஈரமாகப் பிழிந்த காடாவை விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய ஏடிஎம் கார்டால் வழித்துக்கொண்டே போனோம். மேலிருந்து இன்னொரு கை பசை. அண்ணனும் அக்காவும் இரண்டு நாள் கூடவே இருந்தார்கள். காற்றுக் குமிழைக் கண்டுபிடிப்பதில் அக்காவுக்கு இருந்த கை யாருக்கும் வரவில்லை. உள்ளங்கையைத் தடவிக்கொண்டே போய் "இங்க ஒண்ணு" என்பார், அங்கே இருக்கும். பசை வெள்ளை மாறிக் கண்ணாடி போல ஆகும்வரை பெயின்ட் அடிக்கவில்லை. ஆவணி வெயிலில் அதற்கு இரண்டு நாள் பிடித்தது. பிறகு வெளிச்சுவர் எமல்ஷன் மூன்று கை, கூரைக்கு வலையும் அக்ரிலிக் பூச்சும். நிறம் வெள்ளைதான் வேண்டும். தெர்மாகோல் 80 டிகிரியை நெருங்கும்போதே இளக ஆரம்பிக்கும், கறுப்போ கரும்பச்சையோ அடித்த கூரை நம் சித்திரை வெயிலில் அந்தப் பக்கம் போகும். பெயின்டே அடிக்காமல் விட்டால் வெயில் நுரையை மஞ்சளாக்கிப் பொடியாக உதிர்த்துவிடும்.

வெளித்தோலுக்குத் துணி, பசை, பெயின்ட் எல்லாம் சேர்த்துச் சுமார் 4,000 ரூபாய் ஆனது. உள்ளே வேட்டியும் ஒரு கை பசையும் ஒரு கை பெயின்டும் என்பதால் அதில் பாதி. முடித்த வண்டியை நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றினோம். 82 கிலோ. அண்ணன் ஒரு கையால் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்து, "இதை எங்க வீட்டம்மாவே தள்ளிடும்" என்றார்.

என்ன நடந்தது

புரட்டாசியில் வண்டி வயலுக்குப் போனது. ஐப்பசி அடைமழை முழுவதும் போன் பண்ணும்போதெல்லாம் "ஒழுகலை தம்பி" என்றுதான் சொன்னார்கள். தார்ப்பாயில் மழை அடிக்கும் சத்தம் இல்லாமல் தூக்கம் வருகிறது என்று அக்கா சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். கார்த்திகை நடுவில் அண்ணன் குரல் மாறியிருந்தது. "கீழ கொஞ்சம் ஊதின மாதிரி இருக்கு. வந்து பாக்குறியா?"

போய்ப் பார்த்தேன். திடலில் நின்றிருந்த வண்டியின் சக்கரங்கள் சேற்றில் புதைந்து, பெட்டியின் அடிவிளிம்பு நனைந்த வைக்கோல்மேல் உட்கார்ந்திருந்தது. சுவரின் கீழ்ப்பகுதி சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குப் புடைத்திருந்தது. விரலால் தள்ளினால் துணிக்கும் நுரைக்கும் நடுவில் தண்ணீர் நகர்வது தெரிந்தது. பட்டறைக்குக் கொண்டுவந்து நிறுத்தினோம். 93 கிலோ. ஒரு பக்கெட் தண்ணீருக்கும் மேல் சுவருக்குள்ளும் பிளைவுட்டிலும் ஏறியிருந்தது.

பெயின்டில்தான் எங்கோ ஓட்டை என்று முதலில் நினைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். நல்ல பெயின்டாக அடித்திருக்கலாம், இன்னும் இரண்டு கை கொடுத்திருக்கலாம் என்றார்கள். அவசரப்பட்டு மேலே பூசாமல் நான்கு இடங்களில் கீறி உரித்துப் பார்த்தேன். கூரையில் மணிகள் கொத்தாகப் பிய்ந்தன, உள்ளே எலும்பு மாதிரிக் காய்ந்திருந்தது. சுவரின் நடுப்பகுதியும் அப்படியே. ஜன்னலுக்குக் கீழே கொசுவலைச் சட்டத்துக்கு அடித்த திருகாணிகளைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஈரம். துளைக்குள் எதையும் அடைக்காமல் திருகியது என் தவறு. அடிவிளிம்பில் உரிக்கவே தேவைப்படவில்லை, துணி தானாக வந்தது. கண்ணாடி போல இருந்த பசை மறுபடியும் பால் வெள்ளையாக மாறியிருந்தது.

அந்த வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கீழே வெட்டு விளிம்பில் அடர்த்தியாக இருந்தது, மேலே போகப் போகக் குறைந்து ஒரு சாணில் நின்றது. தண்ணீர் பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரவில்லை. காடாத் துணியை அடிவிளிம்போடு சரியாகக் கத்தரித்து, வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன். வெட்டிய நூல் முனைகள் கீழே திறந்தே இருந்தன. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, ஒவ்வொரு நூலும் ஈர வைக்கோலிலிருந்து தண்ணீரை மேலே இழுத்திருக்கிறது. வெளியே நான் அடித்த மூன்று கை பெயின்ட் அந்தத் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைத்திருந்தது. சாதாரண வெள்ளை மரப்பசை காய்ந்த பிறகும் நீரில் ஊறினால் இளகும். இன்னும் இரண்டு கை பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே போனது காய இன்னும் நாளாகியிருக்கும், அவ்வளவுதான்.

என் சோதனை இதை ஏன் காட்டவில்லை என்று பலநாள் யோசித்தேன். சோதனைத் துண்டுகளின் ஓரத்தை மடித்து ஒட்டியிருந்தேன், மேலிருந்து மட்டுமே தண்ணீர் ஊற்றினேன், சுடும் மாடித் தளத்தில் அது உடனே காய்ந்தது. டெல்டாவில் மழைக்காலத்து நீர் மேலிருந்து ஒரு மணி நேரம் பெய்து, கீழே ஒரு மாதம் நிற்கும். நடவு வயல்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நான் அந்தச் சோதனையைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும். இப்போது செய்வதென்றால், துண்டை ஓரங்குலத் தண்ணீர் உள்ள தாம்பாளத்தில் நிற்க வைத்து, பத்து நாள் கழித்துப் பசை எவ்வளவு உயரத்துக்கு வெளுத்திருக்கிறது என்று அளப்பேன்.

இன்னொரு குறையும் தெரிந்தது. கதவுத் திறப்பின் மேல் மூலைகளில் இருந்து சாய்வாக மயிரிழை விரிசல். கரைமேல் குலுங்கும்போது திறப்பின் மூலையில்தான் இழுவிசை குவியும். சுவர் பூசும் கொத்தனார் ஜன்னல் மூலையில் வலையைச் சாய்வாக வைத்துப் பூசுவதும் இதற்காகத்தான்.

திருத்தியது

பழைய வீடுகளுக்குக் கடைக்கால் மட்டும் செங்கல்லில் எழுப்பி, மேலே மண்சுவர், அதற்குமேல் கீற்று வேய்வார்கள். தண்ணீர் நிற்கும் இடத்தில் காசைப் போட்டு, மற்ற இடத்தில் கிடைத்ததை வைத்துக் கட்டுவார்கள். வண்டிக்கும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டேன். வண்டி முழுக்க எபாக்ஸி போடக் காசில்லை, சரி. அடியில் ஓரடி உயரத்துக்கு மட்டும் சுற்றிவரப் போட்டால் இரண்டு சதுர மீட்டர்தான் வரும். அதற்கு முடியும்.

ஓரடிக்குத் துணியைக் கத்தரித்து எடுத்தேன். வண்டியைச் செங்கல்மேல் ஏற்றி ஃபேன் போட்டுப் பத்து நாள் காயவிட்டேன். மார்கழிப் பனியில் இன்னும் குறைவான நாளில் காயாது, அவசரப்பட்டால் ஈரத்தின் மேலேயே மூடுவதாகிவிடும். எடை 83-க்கு இறங்கிய பிறகே கை வைத்தேன். இந்த வேலைக்குத் தராசைப் போல நம்பகமான ஈரமானி கிடையாது. பிறகு கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து ஒட்டி, அடிவிளிம்பில் நிறுத்தாமல் பிளைவுட்டுக்கு அடியிலும் நான்கங்குலம் மடக்கி ஒட்டினேன். எபாக்ஸியைச் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். மொத்தமாகக் கலக்கினால் கெட்டியாகும்போது சூடேறும், அந்தச் சூடே தெர்மாகோலை உருக்கிவிடும். மேலே இருக்கும் காடா இந்த எபாக்ஸிப் பட்டையின்மேல் இரண்டங்குலம் வந்து இறங்கும்படி விட்டேன், ஓட்டின்மேல் ஓடு இறங்குவது மாதிரி. காடாவின் வெட்டு முனையில் எபாக்ஸியைத் தடவி நூல் வாயை அடைத்தேன். இப்போது ஒரு நூல் முனைகூட வெளியே தெரியாது.

புதிதாகத் துணி ஒட்டிய இடங்களுக்குச் சாதாரண வெள்ளைப் பசைக்குப் பதில், ஈரம் தாங்கும் என்று தனியாக விற்கும் மரப்பசையை வாங்கினேன். கிலோவுக்குக் கொஞ்சம் கூட. ஜன்னலுக்கு அடியிலும் கதவைச் சுற்றியும் அது அவசியம், கூரைக்கும் நடுச்சுவருக்கும் சாதாரணப் பசையே ஓர் அடைமழையைத் தாங்கியதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். திருகாணித் துளைகளைக் கொஞ்சம் பெரிதாக்கி எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதில் துளையிட்டுத் திருகினேன். கதவு மூலைகளில் காடாத் துண்டுகளைக் குறுக்கு நூலாக, சாய்வாக வெட்டி ஒட்டினேன். சக்கரம் புதையாமல் இருக்க நான்கு மூலையிலும் இறக்கி வைக்கும் கால்களை வெல்டு வைத்தேன். எந்தச் சேற்றிலும் அடிவிளிம்பு தரையிலிருந்து ஓரடியாவது மேலே நிற்க வேண்டும் என்பது இப்போது எங்கள் இருவருக்கும் எழுதாத சட்டம். திருத்தம் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்க்குள் முடிந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது.

அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்த இரண்டு விஷயங்களை இங்கேயும் சொல்கிறேன். தெர்மாகோல் தீப்பிடிக்கும், உருகிச் சொட்டும், கரும்புகை விடும். மேலே இருக்கும் துணியும் பெயின்டும் தீயைத் தடுக்காது. அடுப்பு வண்டியிலிருந்து பத்தடியாவது தள்ளியே இருக்க வேண்டும். உள்ளே கொசுவர்த்தி, மண்ணெண்ணெய் விளக்கு, பீடி எதற்கும் இடமில்லை. கொசுவுக்கு வலைதான், வெளிச்சத்துக்குச் சார்ஜ் லைட்தான். எதிரெதிராக இரண்டு காற்றுத் துளைகளை மூடவே முடியாதபடி வைத்திருக்கிறேன். இரண்டு பேர் மூச்சு விடும் சின்னப் பெட்டி அது.

மற்றது காற்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, தென்னையே நிற்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த எடைக்கு, பக்கவாட்டில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்றே வண்டியைச் சாய்க்கப் போதும். நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினால் சாதாரண மழைக்காற்றைச் சமாளிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் வண்டியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ முகாமுக்கோ போய்விட வேண்டும்.

போன ஐப்பசியும் கார்த்திகையும் திருத்திய வண்டிக்கு முதல் மழைக்காலம். தை பிறந்ததும் போய் அடிவிளிம்பில் தட்டிப் பார்த்தேன், கெட்டியான சத்தம். பக்கத்துக் களத்துத் தராசில் ஏற்றினோம், 86. திருத்தியபோது எபாக்ஸியும் கால்களும் சேர்த்து அதே எடைதான் இருந்தது. எறும்பு ஓரிடத்தில், சக்கரத்துக்கு மேலே, உள்ளே போயிருந்தது. போரிக் பவுடரைத் தூவி, ஓட்டையை எபாக்ஸியால் அடைத்தேன். எலி இன்னும் கை வைக்கவில்லை. கண்ணாடி இழைப் பட்டை பல்லுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ.

இப்போது அவர்கள் கோட்டூர்ப் பக்கம் தாளடி அறுப்பில் இருக்கிறார்கள். நேற்று அக்கா போனில் ஒரு போட்டோ அனுப்பினார். கதவுக்கு மேலே வலது மூலையில், சாய்வாக ஒட்டிய துண்டின் ஓரமாக, ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு கொப்புளம். தண்ணீரா, ஒட்டும்போதே நின்றுவிட்ட காற்றா என்று போட்டோவில் தெரியவில்லை. அழுத்தினால் நகர்கிறதா என்று கேட்டேன். "நகரலை, அமுங்குது" என்றார். அப்படியென்றால் காற்றாகத்தான் இருக்க வேண்டும். அறுப்பு முடிந்து இந்த வழியாக வரும்போது கீறிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அதைப் பேனாவால் சுற்றி வட்டம் போட்டு வைக்கச் சொன்னேன், பெரிதாகிறதா என்று தெரியும்.